நோய்ச் சுழற்சியின் கணக்கு: மட்டாஞ்சேரி தரும் பாடம்

கொச்சியின் மேற்குக் கரையில், காயலை ஒட்டி நீண்டு கிடக்கும் பழைய வணிகப் பேட்டை மட்டாஞ்சேரி. மிளகும் சுக்கும் ஏலமும் நிறைந்த கிடங்குகள், 1555ஆம் ஆண்டு போர்த்துகீசியர் கட்டிக் கொடுத்த அரண்மனை, 1568ஆம் ஆண்டின் யூத ஆலயம் ஆகியவற்றைக் காணப் பல நாட்டவரும் இங்கு வருகின்றனர். மலையாளிகளோடு கொங்கணியரும் குஜராத்தியரும் தமிழரும் நெடுங்காலமாக இங்கு வாழ்கின்றனர். இப்பகுதிக்கு வேறொரு பெயரும் உண்டு; அது பெருமைக்குரிய பெயரன்று. யானைக்கால் நோயை ஆங்கில மருத்துவ நூல்கள் ஒரு காலத்தில் ‘கொச்சிக் கால்’ என்றே குறிப்பிட்டு வந்தன.

அலுவல் நிமித்தம் நான் கொச்சியில் தங்கியிருந்த நாள்களில், ஓரிரவு சுகாதாரப் பணியாளர் குழு ஒன்றுடன் அப்பகுதித் தெருக்களில் சென்று வர வாய்ப்புக் கிட்டியது. மணி பத்தைக் கடந்திருந்தது. அவர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டி, உறங்கச் சென்றவர்களை எழுப்பி, விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவினர். ஒரு வீட்டில் தமிழ் பேசும் மூதாட்டி ஒருவர் விரலை நீட்டியவாறே இரண்டு வினாக்களை எழுப்பினார். இதைப் பகலில் வந்து செய்யலாகாதா என்பது முதல் வினா. “வீங்கின காலு இருக்கிறவங்களுக்கு மாத்திரை குடுங்க, எனக்குத்தான் ஒண்ணுமில்லையே, எனக்கெதுக்கு?” என்பது இரண்டாவது.

முதல் வினாவுக்கு மருத்துவம் விடை தந்துவிட்டது. இரண்டாவது வினாவுக்குரிய விடை கணிதத்தில் இருக்கிறது. அக்கணிதத்தைக் கருவிகள் ஏதுமின்றி, கூட்டலும் பெருக்கலும் மட்டுமே அறிந்தவரும் விளங்கிக்கொள்ளுமாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று கடிகாரங்கள்

கொசுவினால் பரவும் நோய்கள் சீராகப் பரவுவதில்லை. ஏறியும் இறங்கியும் பரவுகின்றன. அந்த ஏற்ற இறக்கத்தை மூன்று கடிகாரங்கள் நடத்துகின்றன எனலாம்.

முதலாவது, ஒரு நாளின் கடிகாரம். யானைக்கால் நோய்க்குக் காரணமான புழுவின் நுண்குஞ்சுகள் பகலில் நுரையீரலின் ரத்தக் குழாய்களில் தங்கி, இரவு 10 மணி முதல் 2 மணி வரை தோலின் அருகிலுள்ள ரத்தத்தில் மிகுதியாகக் காணப்படுகின்றன. அந்நேரமே க்யூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரமும் ஆகும். எனவேதான் ரத்தச் சோதனையும் இரவில் நடக்கிறது. கொசுவுக்கும் யானைக்கால் நோய்க்கும் உள்ள தொடர்பைச் சீனத்தின் அமாய் துறைமுகத்தில் பணிபுரிந்த மருத்துவர் பேட்ரிக் மேன்சன் 1877ஆம் ஆண்டு கண்டறிந்தார்.

இரண்டாவது, ஓர் ஆண்டின் கடிகாரம். மழை, வெப்பம், காற்றின் ஈரம் ஆகியவை கொசுவின் பிறப்பையும் ஆயுளையும் முறைப்படுத்துகின்றன. மூன்றாவது, பல ஆண்டுகளின் கடிகாரம். ஓராண்டில் பெருகிய நோய் அடுத்த சில ஆண்டுகள் அடங்கியிருந்து, மீண்டும் பெருகுகிறது. கேரளத்தில் 2017ஆம் ஆண்டு டெங்குக் காய்ச்சல் கண்டோர் ஏறத்தாழ 20,000 பேர். அடுத்த சில ஆண்டுகளில் அவ்வெண்ணிக்கை பெரிதும் குறைந்திருந்து, 2023இல் மீண்டும் உயர்ந்தது. முதலிரு கடிகாரங்களைக் கண்ணால் காணலாம். மூன்றாவதைக் கணக்கால்தான் காண இயலும்.

ராஸ் வகுத்த கணக்கு

இக்கணக்கின் தொடக்கம் நம் நாட்டைச் சார்ந்தது. 1857ஆம் ஆண்டு அல்மோராவில் பிறந்த ரொனால்டு ராஸ், 1897 ஆகஸ்டு 20ஆம் நாள் செகந்திராபாத்தில், மலேரியா நோயாளியைக் கடித்த கொசுவின் வயிற்றில் நோய்க்கிருமியைக் கண்டார். அதற்கென 1902ஆம் ஆண்டு நோபல் பரிசும் பெற்றார். ஆனால் தாம் வகுத்த கணிதக் கோட்பாட்டையும் அக்கண்டுபிடிப்புக்கு ஈடாகவே அவர் மதித்தார்.

கொசுக்களை முற்றிலும் ஒழிப்பது இயலாது. ஆகவே கொசு ஒழிப்பு வீண் வேலை என்று அக்காலத்தில் பலர் வாதிட்டனர். ராஸ் அதற்குக் கணக்கால் மறுமொழி தந்தார். 1908ஆம் ஆண்டு மொரீஷியஸ் தீவு பற்றிய அறிக்கையிலும், 1911இல் வெளியான நூலிலும், கொசுவின் எண்ணிக்கை ஒரு குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே சென்றால் போதும், கொசு எஞ்சியிருப்பினும் நோய் தானே தேய்ந்து மறையும் என அவர் நிறுவினார்.

இதன் உட்பொருள் எளியது. ஒரு நோயாளியிடமிருந்து, கொசுக்களின் வாயிலாக, சராசரியாக எத்தனை புதிய நோயாளிகள் தோன்றுகின்றனர்? இதனைப் ‘பெருக்க எண்’ என்போம். அது ஒன்றுக்கு மேற்பட்டால் நோய் வளரும். ஒன்றுக்குக் குறைந்தால் தேயும். வட்டியும் கடனும் அறிந்த எவருக்கும் இது புதிதன்று.

இப்பெருக்க எண்ணை 1950களில் ஜார்ஜ் மெக்டொனால்டு மேலும் விரித்துரைத்தார். அதில் அடங்கிய கூறுகள் சில. ஓர் ஆளுக்கு எத்தனை கொசுக்கள் உள்ளன என்பது முதற்கூறு. கொசு ஒரு நாளில் மனிதரை எத்தனை முறை கடிக்கிறது என்பது அடுத்தது. நோயைப் பெற ஒரு கடியும் கொடுக்க மற்றொரு கடியும் வேண்டியிருப்பதால், இக்கூறு கணக்கில் இருமுறை பெருக்கப்படுகிறது. மூன்றாவது கூறு கொசுவின் ஆயுள். கொசுவின் உடலில் புகுந்த கிருமி முதிர்ச்சியடையச் சில நாள்கள் ஆகும். அதுவரை கொசு உயிரோடிருந்தாலன்றி நோய் பரவாது.

இம்மூன்றாவது கூறின் வலிமையை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். கிருமி முதிர 10 நாள்கள் ஆகும் எனக் கொள்வோம். நாள்தோறும் 100 கொசுக்களில் 90 பிழைத்திருந்தால், பத்து நாள்களுக்குப் பின் 35 எஞ்சும். அவை சராசரியாக மேலும் 9.5 நாள்கள் வாழும். நாள்தோறும் 80 மட்டுமே பிழைத்தால், பத்து நாள்களுக்குப் பின் எஞ்சுபவை 11. அவை வாழ்வதும் 4.5 நாள்களே. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால், நோய் பரப்பும் ஆற்றல் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கக் காணலாம். கொசுவின் எண்ணிக்கையைப் பாதியாக்கினால் நோயின் ஆற்றலும் பாதியாகும். அதன் ஆயுளைச் சிறிது குறைத்தாலோ ஆற்றல் பன்மடங்கு வீழும்.

வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளிக்கும் இயக்கத்துக்கு இக்கணக்கே வலுவூட்டியது. 1953ஆம் ஆண்டு நம் நாட்டில் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும், 1958இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கப்பட்டன. விடுதலையின்போது ஆண்டுக்குச் சுமார் 7.5 கோடி எனக் கணிக்கப்பட்ட மலேரியா நோயாளர் எண்ணிக்கை, 1965ஆம் ஆண்டு ஒரு லட்சமாகக் குறைந்தது. ஆயினும் 1976ஆம் ஆண்டு அது 64 லட்சமாக உயர்ந்தது. கொசு மருந்துக்குப் பழகியது, கண்காணிப்பு தளர்ந்தது, நிதியும் பொருளும் உரிய காலத்தில் சேரவில்லை எனக் காரணங்கள் பல. பெருக்க எண்ணை ஒன்றுக்குக் கீழே தள்ளியது மட்டும் போதாது, நோய் முற்றும் தேயும்வரை அதனை அங்கேயே நிறுத்தி வைத்திருக்கவும் வேண்டும் என்பது அந்த அனுபவம் கற்பித்த பாடமாகும்.

அலை ஏன் எழுகிறது?

நோய் அலை அலையாக வருவதற்குரிய விளக்கத்திலும் இந்தியாவுக்குப் பங்குண்டு. கசௌலியிலுள்ள பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய மருத்துவர் மெக்கெண்ட்ரிக், பின்னர் எடின்பரோ நகரில் கெர்மாக் என்னும் வேதியியலாருடன் சேர்ந்து 1927ஆம் ஆண்டு புகழ்பெற்ற ஓர் ஆய்வை வெளியிட்டார். தம் சமன்பாட்டை அவர்கள் உரைத்துப் பார்த்தது, 1905-06ஆம் ஆண்டுகளில் பம்பாய் நகரைத் தாக்கிய பிளேக் நோயின் இறப்புக் கணக்கைக் கொண்டேயாகும்.

மக்களை மூன்று பிரிவினராக அவர்கள் பகுத்தனர்: நோய் தொற்றக்கூடியவர், நோயுற்றவர், நோயிலிருந்து மீண்டு எதிர்ப்பாற்றல் பெற்றவர். தொற்றக்கூடியவர் மிகுதியாக இருந்தால் நோய் விரைந்து பரவும். பரவப் பரவ அவர்கள் தொகை குறையும். ஒரு வரம்புக்குக் கீழே சென்றதும் நோய் தானே அடங்கும். விறகு தீர்ந்ததும் அடுப்பு அணைவது போன்றதே இது.

ஒரு கற்பனை நகரைக் கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். மக்கள்தொகை ஒரு லட்சம். மழைக்காலத்தில், அனைவரும் தொற்றக்கூடியவராக இருப்பின், ஒரு நோயாளியிடமிருந்து இருவருக்கு நோய் பரவும். எனில், தொற்றக்கூடியவர் 50,000 பேருக்குக் குறைந்தால் நோய் வளராது. இப்போது அந்நகரில் 60,000 பேர் தொற்றக்கூடிய நிலையில் இருக்க, நோய் புகுகிறது. சமன்பாட்டின்படி சுமார் 19,000 பேர் நோயுற்ற பின், 41,000 பேர் எஞ்சிய நிலையில் அது அடங்குகிறது. வரம்பு 50,000 ஆக இருந்தும் நோய் அங்கேயே நில்லாமல் கீழே இறங்கிவிடுகிறது. ஓடும் வண்டி தடையை அழுத்திய இடத்திலேயே நின்றுவிடுவதில்லை அல்லவா?

பின்னர், பிறக்கும் குழந்தைகளாலும் வெளியூரிலிருந்து குடியேறுவோராலும் ஆண்டுக்கு 3,000 பேர் தொற்றக்கூடியவராகச் சேர்கின்றனர் எனக் கொள்வோம். மூன்றாண்டுகளில் அத்தொகை மீண்டும் 50,000 ஆகிறது. அதற்குப் பின்வரும் ஒவ்வொரு மழைக்காலமும் ஆபத்துக்குரியதே. சற்றேறக்குறைய ஆறாண்டுகளில் தொகை 60,000ஐ எட்ட, பழைய கதை திரும்பவும் தொடங்குகிறது. கோடையில் கொசு குறைந்து பெருக்க எண் 1.25 ஆகத் தாழுமானால், வரம்பு 80,000 ஆக உயர்ந்துவிடும். ஆதலால் கோடையில் நோய் பரவாது. பல ஆண்டுகளின் கடிகாரம் ஆபத்தான ஆண்டையும், ஓராண்டின் கடிகாரம் ஆபத்தான மாதத்தையும் குறித்துக் கொடுக்கின்றன.

தட்டம்மையை ஆராய்ந்த ஹேமர் 1906இலும், சோப்பர் 1929இலும் இவ்வூசலாட்டத்தை விளக்கினர். பிற்காலத்தோர் இதற்கு எளிய சூத்திரம் ஒன்றும் கண்டனர். மக்கள் சராசரியாக எந்த வயதில் நோயுறுகின்றனரோ அந்த ஆண்டுகளை, ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவருக்கு நோய் செல்லும் காலத்தால் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, அதை 6.28ஆல் பெருக்கினால் அலைகளுக்கு இடையிலான காலம் கிடைக்கும். தட்டம்மைக்கு வயது 5 எனவும் காலம் இரு வாரம் எனவும் கொண்டால், விடை சுமார் 2.75 ஆண்டு. கொசுவால் பரவும் காய்ச்சல் ஒன்றுக்கு வயது 8, காலம் 20 நாள் எனக் கொண்டால், நான்காண்டுகளுக்குச் சற்று மேல். கடிகார ஊசலின் காலத்தைக் காணும் பள்ளிப் பாடச் சூத்திரத்துக்கு இது உடன்பிறந்ததே. தள்ளிவிடாத ஊஞ்சல் சிறிது நேரத்தில் ஓய்ந்துவிடும். ஆண்டுதோறும் வரும் மழையே இந்த ஊஞ்சலைத் தள்ளிக்கொண்டிருக்கும் கை.

பஞ்சாபில் கோதுமை விலையும் காய்ச்சலும்

பொருளாதாரம் பயின்றோர் மறக்கலாகாத நிகழ்ச்சி ஒன்று இங்குக் குறிப்பிடத்தக்கது. 1908ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் பஞ்சாபில் மலேரியா கொள்ளைநோயாகப் பரவி, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. அதனை ஆராய்ந்து 1911இல் அறிக்கை அளித்த கிறிஸ்டோபர்ஸ், நோயின் அலைகளை மழையோடு மட்டுமன்றி உணவு தானிய விலையோடும் ஒப்பிட்டுப் பார்த்தார். முந்தைய ஆண்டுகளில் விளைச்சல் பொய்த்து, தானிய விலை உயர்ந்து, அதன்மேல் பெருமழையும் பெய்த ஆண்டுகளிலேயே இறப்பு மிகுந்தது என அவர் கண்டார். 1920களில் கில் என்பார், மழையளவு, குழந்தைகளின் மண்ணீரல் வீக்கம், தானிய விலை ஆகியவற்றைக் கொண்டு அடுத்த இலையுதிர்காலத்தின் நோய் நிலையை முன்னுரைக்கும் முறையை வகுத்தார்.

வயிற்றின் நிலையும் நோய்க் கணக்கில் ஒரு கூறே என்பதை நூறாண்டுகளுக்கு முன்பே நம் நாட்டுப் புள்ளிவிவரம் மெய்ப்பித்துவிட்டது. நோய்த்தடுப்பைச் சுகாதாரத் துறையின் பணி என்று மட்டும் ஒதுக்கிவிடுதல் எத்துணைப் பிழை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

மட்டாஞ்சேரியின் இரு கொசுக்கள்

இனி மட்டாஞ்சேரிக்கு வருவோம். மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த தாழ்நிலம் இது. பெருமழை பெய்யும் ஊர். கல்வத்தி போன்ற கால்வாய்களில் கடலின் ஏற்ற வற்றத்தோடு நீர் மெல்ல வந்து போகிறது. குப்பையும் சேறும் அடைத்த இடங்களில் அதுவும் நின்றுவிடுகிறது. சுற்றிலும் நீர் இருந்தும் அது உப்புநீராதலால், குடிநீர் குழாய் வழியாகவே வரவேண்டும். குழாயில் நீர் வராத நாள்களுக்கென வீட்டுக்கு வீடு குடங்களிலும் பீப்பாய்களிலும் தொட்டிகளிலும் நீரைச் சேமிப்பது வழக்கம்.

இச்சூழல் இருவகைக் கொசுக்களை வளர்க்கிறது. சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் வளர்ந்து இரவில் கடிப்பது க்யூலெக்ஸ். இது யானைக்கால் நோயைப் பரப்புவது. தெளிந்த நீரில் வளர்ந்து பகலில் கடிப்பது ஏடிஸ். இது டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்புவது. பெருமழை சாக்கடையை அலசிக்கொண்டு போவதால், மழைக்காலத்தில் க்யூலெக்ஸ் குறைகிறது. மழை நின்று சாக்கடை தேங்கும் மாதங்களில் பெருகுகிறது. ஏடிஸின் நிலை இதற்கு நேர்மாறு. தேங்காய்ச் சிரட்டையிலும் பழைய டயரிலும் கிடங்கு முற்றத்துத் தார்ப்பாய் மடிப்பிலும் தங்கும் மழைநீரே அதற்கு வாழ்வு. குழாய்நீர்த் தட்டுப்பாடு மிகுந்த கோடையிலோ, வீட்டுக்குள் சேமித்த நீர் அதற்குப் புகலிடமாகிறது.

ஒரு கொசுவை ஒடுக்கும் மழை மற்றொன்றை வளர்க்கிறது என்னும் இவ்வுண்மையை மனத்திற்கொண்டால், ஆண்டு முழுவதும் ஒரே வகையாகப் புகையடிப்பது பொருளற்றது என்பது விளங்கும். மழைக்கு முன் வீட்டையும் கிடங்கையும், மழைக்குப் பின் சாக்கடையையும் கால்வாயையும் கவனிப்பதே காலமறிந்து செய்யும் செயலாகும். குடிநீர் நாள்தோறும் ஒழுங்காக வருமாறு செய்வதும் ஒரு டெங்குத் தடுப்பு நடவடிக்கையே.

மெதுவாக ஓடும் கணக்கு

டெங்கு விரைந்து எழுந்து விரைந்து அடங்கும் நோய். யானைக்கால் நோயோ மிக மெதுவாகப் பரவுவது. கொசுவின் உடலில் புழுக்குஞ்சுகள் எண்ணிக்கையில் பெருகுவதில்லை. வளர்ச்சி மட்டுமே பெறுகின்றன. ரத்தத்தில் புழுக்குஞ்சுகள் தோன்றும் புதிய நோயாளி ஒருவர் உருவாக, கிருமியேந்திய கொசுக்களின் கடி சுமார் 15,500 வேண்டும் என ரங்கூனில் நடந்த ஆய்வு ஒன்றைக் கொண்டு 1968ஆம் ஆண்டு கணக்கிடப்பட்டது. இத்துணை வலுவற்ற நோய் எவ்வாறு நூற்றாண்டுகளாக நிலைத்து நிற்கிறது? முதிர்ந்த புழு மனித உடலில் பல ஆண்டுகள் வாழ்ந்து, இலட்சக்கணக்கில் குஞ்சுகளை ஈன்று, கொசுவுக்காகக் காத்திருக்கிறது. அதன் வலிமை விரைவில் இல்லை, பொறுமையில் இருக்கிறது.

இத்துறையில் நம் அண்டையிலுள்ள புதுச்சேரியின் பங்கு போற்றத்தக்கது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் 1975ஆம் ஆண்டு அங்கு நோய்பரப்பிக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் நிறுவப்பட்டது. 1980களின் முற்பகுதியில் புதுச்சேரி நகரில் கொசு உற்பத்தி இடங்களை ஒழிக்கும் ஒருங்கிணைந்த திட்டத்தை அம்மையம் நடத்தி, மக்களின் ரத்த நிலையையும் ஆண்டுக்கணக்கில் பதிவு செய்தது. அப்பதிவுகளை அடிப்படையாகக் கொண்டு, நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரிலுள்ள எராஸ்மஸ் பல்கலைக்கழகத்துடன் இணைந்து ‘லிம்ஃபாசிம்’ என்னும் கணினி மாதிரி உருவாக்கப்பட்டது. ஒவ்வொரு மனிதரையும் தனித்தனியே கணக்கில் வைத்து, அவர் உடலில் புழுக்கள் சேர்வதையும் மடிவதையும் அது பின்தொடர்கிறது.

இத்தகைய ஆய்வுகள் கொள்கைக்கு இரு செய்திகளைத் தந்தன. முதலாவது, புழுவின் ஆயுள் நீண்டதாகையால், கொசுவை மட்டும் ஒழித்து நோயை அகற்ற நெடுங்காலம் பிடிக்கும். மருந்தும் உடன் வேண்டும். இரண்டாவது, க்யூலெக்ஸ் கொசு ரத்தத்தில் குஞ்சுகள் மிகக் குறைவாக உள்ளவரிடமிருந்தும் அவற்றை எளிதில் எடுத்துக்கொள்கிறது. ஆதலால், தமக்கு நோயிருப்பதையே அறியாதவர்களும் அதைப் பரப்புவோராக இருக்கக்கூடும்.

மூதாட்டியின் இரண்டாவது வினாவுக்குரிய விடை இதுவே. வீங்கிய கால் என்பது நோய் விட்டுச் சென்ற வடு. வீக்கம் முற்றியவரின் ரத்தத்தில் பெரும்பாலும் குஞ்சுகள் காணப்படுவதில்லை. நலமாக நடமாடுவோரிடமே அவை மிகுதி. மாத்திரை அவர்களுக்கே தேவை.

65 சதவீதம் என்பதன் பொருள்

இக்கொள்கையின்படி 2004ஆம் ஆண்டு முதல், நோயுள்ள மாவட்டங்களில், கருவுற்ற தாய்மார், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கடும் நோயாளிகள் நீங்கலாக அனைவருக்கும் ஆண்டுக்கொரு முறை டி.இ.சி. மாத்திரை வழங்கும் திட்டம் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. 2007 முதல் அதனுடன் அல்பெண்டசோல் மாத்திரையும் சேர்க்கப்பட்டது. மொத்த மக்களில் குறைந்தது 65 சதவீதத்தினர் மாத்திரையை விழுங்க வேண்டும், குறைந்தது ஐந்து சுற்றுகளேனும் வேண்டும் என்பது பொதுவான அளவுகோல்.

இந்த 65 என்னும் எண்ணைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஒரு லட்சம் பேர் வாழும் ஊர், ஐந்து ஆண்டுகள், ஆண்டுதோறும் 65,000 பேர் மாத்திரை விழுங்கினர். ஒரு முறைகூட விழுங்காதவர் எத்தனை பேர்?

விடுபடுவோர் ஆண்டுதோறும் தற்செயலாக மாறிக்கொண்டே இருந்தால், ஐந்தாண்டுகளின் முடிவில் ஒரு முறையும் விழுங்காதவர் சுமார் 525 பேரே. விடுபட்டவர் ஆண்டுதோறும் அதே 35,000 பேராக இருந்தால், இறுதியிலும் அந்த 35,000 பேர் அப்படியே நிற்பர். எக்காலத்தும் மறுப்பவர் 10,000 பேர், ஏனையோர் தற்செயலாக விடுபடுவோர் எனின், எஞ்சுவோர் சுமார் 10,150 பேர். மூன்று ஊர்களின் பதிவேடுகளும் காட்டுவது 65 சதவீதமே! முதல் ஊரில் நோய் மறையக்கூடும். இரண்டாவதில் மறைவது அரிது. மூன்றாவதில் அது ஒளிந்திருந்து, மருந்து வழங்கல் நின்றபின் மீண்டும் தலைதூக்கும்.

சராசரி என்னும் திரைக்குப் பின்னால் மறைந்திருப்போரே திட்டத்தின் வெற்றி தோல்வியை முடிவு செய்கின்றனர். யார் அவர்கள்? இரவு திரும்பும் தொழிலாளர், பூட்டிய வீட்டில் வாழ்வோர், மாத்திரையைக் கையில் வாங்கி அலமாரியில் வைத்துவிடும் படித்தோர், ஊர் ஊராகச் செல்லும் கட்டுமானப் பணியாளர். எர்ணாகுளம் மாவட்டத்தில் பணிபுரியும் வடகிழக்கு, கிழக்கு மாநிலத் தொழிலாளர்களில் பலர் இந்நோய் நிலவும் மாவட்டங்களிலிருந்து வருகின்றனர். அவர்களைக் குறை கூறுவதனால் பயனில்லை. அவர்கள் வாழும் இடத்துக்கே, அவர்கள் ஓய்வாக இருக்கும் நேரத்தில், அவர்கள் மொழியில் பேசக்கூடியவர் செல்ல வேண்டும்.

மாதிரியின் எல்லை

கணித மாதிரி சோதிடமன்று. 1963ஆம் ஆண்டு கல்கத்தாவிலும் அடுத்த ஆண்டு சென்னையிலும் பரவிய சிக்குன்குனியா, 1973இல் மகாராஷ்டிரத்தின் பார்சியில் தோன்றியபின் மறைந்திருந்து, 2005ஆம் ஆண்டின் இறுதியில் திரும்பி வந்தது. 2006இல் நாடெங்கும் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாகக் கணக்கிடப்பட்டது. ஒரு தலைமுறைக்காலம் நோயின்றிக் கழிந்ததால் எதிர்ப்பாற்றலற்றோர் பெருகியிருந்தனர் என்பதை மாதிரி விளக்கும். ஆனால் 2007ஆம் ஆண்டு கேரளத்தில், ரப்பர்த் தோட்டங்களில் மிகுந்துள்ள ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவில் எளிதில் வளரும் வகையில் அக்கிருமி சிறு மாற்றம் அடைந்திருந்ததை எந்த மாதிரியும் முன்கூட்டிச் சொல்லியிருக்க இயலாது. டெங்குவிலும் நான்கு வகைக் கிருமிகள் உண்டு. ஒன்றுக்குப் பெற்ற எதிர்ப்பாற்றல் மற்றவற்றுக்கு நெடுநாள் உதவாது. எனவே அலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து குழம்புகின்றன.

ஆயினும், எந்தக் கூறு சிறிது மாறினால் விளைவு பெரிதும் மாறும் என்பதைக் காட்டுவதே மாதிரியின் உண்மையான பயன். குறைந்த பணத்தை எங்கே செலவிடுவது என்னும் கேள்விக்கு அதுவே வழிகாட்டி.

செய்யத் தக்கவை

மூன்று செயல்களை இக்கணக்கு வலியுறுத்துகிறது. முதலாவது, நோய் அடங்கிய ஆண்டே கண்காணிப்பை வலுப்படுத்த வேண்டிய ஆண்டு. அடுத்த அலைக்குரிய விறகு சேர்வது அப்போதுதான். பெரும்பாலும் நிதி குறைக்கப்படுவதும் அப்போதே என்பது வருந்தத்தக்கது. இரண்டாவது, நகராட்சியின் சாக்கடைப் பணியும் குடிநீர்ப் பணியும் பருவத்தை ஒட்டிய நாட்காட்டியின்படி நடைபெற வேண்டும்.

மூன்றாவது, மருந்து வழங்கும் பதிவேட்டில், ‘இதுவரை ஒரு முறையும் விழுங்காதவர்’ என ஒரு பத்தி சேர்க்கப்பட வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு கோடு வரைந்தால் போதும். கேரளத்தின் பல மாவட்டங்கள் நோய்ப் பரவல் மதிப்பீட்டில் தேறிப் பொது மருந்து வழங்கலை நிறுத்திவிட்டன. 2027ஆம் ஆண்டுக்குள் யானைக்கால் நோயை அகற்றுவது என நாடு உறுதி பூண்டுள்ளது. இறுதிக் கட்டத்தில் எஞ்சியிருக்கும் சிலரைக் கண்டறிய அந்த ஒரு பத்தி துணை செய்யும்.

அன்றிரவு அந்த மூதாட்டி விடையைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தம் உடலில் நோயில்லை என்பதற்காக மட்டுமன்று, பேரப்பிள்ளைகளின் காலுக்காகவும் மாத்திரை என்று பணியாளர் கூறியபோது, உள்ளே சென்று தண்ணீர் கொண்டுவந்து, அவர்கள் முன்னிலையிலேயே விழுங்கினார். பெருக்க எண்ணை ஒன்றுக்குக் கீழே கொண்டுவருவது இறுதியில் இத்தகைய சிறு செயல்களின் கூட்டுத்தொகையேயாகும்.